கையெழுத்து இல்லாத நான்கு இரவுகள்

சன்னிவேல், கலிபோர்னியா
செப்டம்பர் 9, 2018

அன்புள்ள கொலீன் அத்தைக்கு,

மேவ் எழுதுகிறேன். உங்கள் தம்பி டெனிஸ் ஹாலரனின் மகள். வயது பதினான்கு. நாம் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்களுக்கு உடம்பு சரியில்லை என்றாலும் அதை எங்களுக்குச் சொல்ல ஆள் கிடையாது என்பது இதை எழுதும்போதுதான் தோன்றியது. முகவரியை அப்பாவின் பழைய குறிப்பேட்டில் பார்த்து எடுத்தேன். இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறீர்களா?

காகிதத்தில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அப்பா பள்ளிக் கல்வி அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறார். வீட்டிலும் அதே பழக்கம். எங்கள் வீட்டிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு வரியும் அவர் அலமாரியில் வைத்திருக்கும் கருவி வழியாகத்தான் போகும். மற்றவர்கள் காலையில் செய்தித்தாள் படிப்பது போல அவர் அதன் பதிவுகளைப் படிப்பார். என் தொலைபேசியும் அதில் அடக்கம். தபால்காரர் மூன்றேகாலுக்கு வருவார், அப்பா வருவது ஐந்தரைக்கு. ஆகையால் நீங்கள் எழுதும் கடிதம் என் கைக்குத்தான் வரும்.

விஷயம் இதுதான். இணையம் முதன்முதலாகப் பொங்கி எழுந்த அந்த ஐந்தாறு வருடங்களைப் பற்றி ஒரு தொலைக்காட்சித் தொடர் எடுக்கிறார்கள். உண்மைக் கதை. பாதி நடிகர்கள் நடிப்பார்கள், நடுநடுவே உண்மையான ஆட்கள் நாற்காலியில் உட்கார்ந்து பேசுவார்கள். நான்காவது பாகம் முழுக்க அப்பா வேலை பார்த்த ஹலோகவுண்டி நிறுவனத்தைப் பற்றியது. தன் இணையதளத்துக்கு வரும் பார்வையாளர் எண்ணிக்கையைப் பொய்யாக ஏற்றிக் காட்டிப் பங்கு விற்ற நிறுவனம் என்று சொல்கிறார்கள். அந்தப் பொய்யைச் செய்தது அப்பா என்று காட்டப் போகிறார்கள்.

அது உண்மை இல்லை. அது நடந்ததாக அவர்கள் சொல்லும் 1999 நவம்பர் பத்திலிருந்து பதின்மூன்று வரை, அந்த நான்கு நாட்களும், தாத்தாவின் அடக்கத்துக்காக அப்பா பியூட்டில் உங்களோடுதான் இருந்தார். எனக்கும் அம்மாவுக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். நீங்கள் அதை ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும். வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

அம்மாவுக்கு மருத்துவமனையில் இரவுப் பணி. அப்பா கூடத்தில் நடந்துகொண்டிருக்கிறார். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு எழுதுகிறேன்.

உங்கள் அன்புள்ள,
மேவ்


பியூட், மொன்டானா
செப்டம்பர் 25

அன்புள்ள மேவ்,

உன் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. நான் நலம். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. அதே வீடுதான், அதே கடைதான். காலை நான்கு மணிக்கு மாவு பிசைந்து, இறைச்சியும் உருளைக்கிழங்கும் உள்ளே வைத்து, நூற்றிருபது பேஸ்டி சுடுகிறேன். பதினோரு மணிக்கு ஒன்றுகூட மிஞ்சாது.

டெனிஸுக்கு மகள் இருப்பது தெரியும். பெயர் தெரியாமல் இருந்தது. எங்கள் அம்மாவின் அம்மாவுக்கு மேவ் என்று பெயர். அவன் அதை உனக்குச் சொல்லியிருக்கிறானா?

எந்த வகுப்பு படிக்கிறாய்? கணக்கு வருமா? இங்கே மலை உச்சியில் முதல் பனி விழுந்துவிட்டது. உன் வயதுப் பெண் ராத்திரி தூங்க வேண்டும். இதையெல்லாம் உன் அம்மாவிடம் சொல்லிவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

கொலீன் அத்தை


சன்னிவேல்
அக்டோபர் 2

அன்புள்ள அத்தைக்கு,

கடிதம் கிடைத்தது. மிகவும் சந்தோஷம். உங்கள் முழங்கால் தேவலையா? நான் ஒன்பதாம் வகுப்பு, கணக்கு வரும். ஆனால் நான் கேட்ட ஒன்றுக்கு மட்டும் நீங்கள் பதில் எழுதவில்லை. மறந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

தொடர் எடுப்பவர்கள் நான்காவது பாகத்தின் வசனத்தை அப்பாவுக்கு அனுப்பியிருந்தார்கள், தவறு இருந்தால் திருத்தச் சொல்லி. அவர் பிரிக்காமலே குளிர்பெட்டியின் மேலே போட்டுவிட்டார். நான் ஆவி காட்டிப் பிரித்துப் படித்துவிட்டு, மறுபடி ஒட்டிவைத்தேன். அதில் அப்பாவுக்கு டானி என்று பெயர். ஒரு தளம் எவ்வளவு கூட்டம் தாங்கும் என்று பார்க்க, பொய் ஆட்களை அனுப்பும் நிரல் ஒன்றை எழுதுவார்களாம். சோதனை முடிந்ததும் அதை நிறுத்திவிட வேண்டும். நிறுத்தாவிட்டால் எண்ணும் கருவி அந்தப் பொய் ஆட்களையும் சேர்த்தே எண்ணும். வசனத்தில் டானி பீட்சா தின்றுகொண்டே அந்த நிரலை ஓடவிடுகிறான். "நாளைக்குக் காலையில நாம எல்லாரும் கோடீஸ்வரன்டா" என்று சிரிக்கிறான். அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

இப்போது அவர் வேலையிலிருந்து வந்ததும் வீட்டுக்குள் வருவதில்லை. வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். நேற்று நாற்பது நிமிடம். ஜன்னல் கண்ணாடியைத் தட்டினேன்.

"என்னப்பா, சாப்பாடு ஆறிப்போச்சு."

"ரேடியோ கேட்டுக்கிட்டு இருக்கேன்டா."

ரேடியோ ஓடவில்லை, அத்தை.

அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். வண்டிக் கொட்டகையில் பழைய பெட்டி ஒன்றில் ஹலோகவுண்டி இயந்திர அறையின் வருகைப் புத்தகம் இருந்தது. அந்த அறைக்குள் யார் போனாலும் தேதி போட்டு, என்ன செய்தார்கள் என்று எழுதி, பெயரின் முதலெழுத்துகளை இட வேண்டும் என்பது விதி. தினமும் 'டெ.ஹா.' இருக்கிறது. நவம்பர் பத்திலிருந்து பதின்மூன்று வரை மட்டும் பக்கம் வெறுமையாக இருக்கிறது. அதாவது அவர் அங்கே இல்லை.

தொடருக்குத் தகவல் சேகரிக்கும் பெண் டாம்சின் வியாழக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தாள். அப்பா இல்லை. நான்தான் கதவைத் திறந்தேன். புத்தகத்தை அவளிடம் கொடுத்துவிட்டேன்.

"இதுல யாரும் எழுதலைன்னுதானே தெரியுது," என்றாள். "அவர் ஊர்ல இல்லைன்னு சொல்ல வேற யாராவது இருக்காங்களா, கண்ணு?"

இருக்கிறார்கள் என்று சொன்னேன்.

அதனால்தான் உங்கள் ஒரு வரி அவசரமாக வேண்டியிருக்கிறது. உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மேவ்


சன்னிவேல்
அக்டோபர் 16

அன்புள்ள அத்தைக்கு,

நலமா? இரண்டு வாரமாக உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தினமும் மூன்றேகாலுக்குத் தபால் பெட்டி அருகே நிற்கிறேன். "காதலனாம்மா?" என்று கேட்கிறார் தபால்காரர்.

நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். புத்தகத்தைக் கொடுப்பதற்கு முன் சில பக்கங்களைப் படமெடுத்து வைத்திருந்தேன். நேற்று ராத்திரிதான் அவற்றைச் சரியாகப் பார்த்தேன்.

இயந்திரங்களில் இருப்பதையெல்லாம் ஒவ்வொரு இரவும் ஒரு காந்த நாடாவில் நகல் எடுப்பார்கள். ஓர் இரவுக்கு ஒரு நாடா. நாடாவின் எண்ணையும் புத்தகத்தில் எழுதுவார்கள். நவம்பர் ஒன்பதாம் தேதி முப்பத்தொன்றாவது நாடா, டெ.ஹா. அதற்கு அடுத்த பதிவு பதினான்காம் தேதி, டெ.ஹா. நான்கு நாட்கள் யாரும் வரவில்லை என்றால் அது முப்பத்திரண்டாவது நாடாவாகத்தான் இருக்க வேண்டும். முப்பத்தாறு என்று எழுதியிருக்கிறது.

நான்கு இரவும் யாரோ அந்த அறைக்குள் போய் நாடாவை மாற்றியிருக்கிறார்கள். கையெழுத்து மட்டும் போடவில்லை.

வேறு யாராவது மாற்றியிருக்கலாம், இல்லையா அத்தை? டாம்சின் இதைக் கவனிக்காமல் இருக்கவும் வாய்ப்பு உண்டு. பள்ளிக்கூடத்தில் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். அப்பா சூடாக சூப் வைத்துக் கொடுத்தார்.

மேவ்


பியூட்
அக்டோபர் 23

அன்புள்ள மேவ்,

உன் இரண்டு கடிதங்களும் என் மேஜைமேல் இருக்கின்றன. வாந்தி நின்றதா? வெறும் வயிற்றோடு பள்ளிக்குப் போகாதே. காய்ந்த ரொட்டியாவது தின்றுவிட்டுப் போ.

நீ கேட்டதால் எங்கள் அப்பாவின் அடக்கத்தைப் பற்றி எழுதுகிறேன். நவம்பர் பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை. தரை இறுகிப்போயிருந்தது, குழி வெட்டுகிறவர்கள் முந்தின நாளே நெருப்பு மூட்டி மண்ணை இளக்கினார்கள். முப்பத்தொரு வருடம் சுரங்கத்தில் இருந்த மனுஷன். தூக்குவதற்கு ஆறு பேர். என் வீட்டுக்காரர் ஃபிராங்க், பக்கத்து வீட்டு பாவ்லிச், சுல்லிவன் அண்ணன் தம்பி இருவர், பாதிரியாரின் ஓட்டுநர், இன்னும் ஒரு சுரங்கக்காரர். பாவ்லிச் அதற்குப் பிறகு இரண்டு வருடம்கூட இருக்கவில்லை. கோயிலில் உட்கார இடமில்லை. ஹாம் இறைச்சியும் பேஸ்டியும் அவ்வளவும் தீர்ந்துபோய், ராத்திரி மறுபடி சுட்டேன்.

இதைத் தவிர இப்போதைக்கு எழுத எனக்கு வரவில்லை. உனக்கு ஒரு கம்பளித் தொப்பி அனுப்பியிருக்கிறேன். அங்கே குளிர் இல்லை என்று தெரியும்.

அத்தை


சன்னிவேல்
அக்டோபர் 30

அன்புள்ள அத்தைக்கு,

தொப்பி கிடைத்தது, நன்றி. படுக்கையில் போட்டுக்கொள்கிறேன். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும்.

நீங்கள் எழுதிய ஆறு பேரில் அப்பா இல்லை. மகன் என்பதால் அவர் சவப்பெட்டிக்குப் பின்னால் உங்களோடு நடந்திருப்பார். அப்படித்தானே? அதை எழுத விட்டுப்போயிருக்கும். இந்தப் பத்தியை நான்கு முறை அடித்துத் திருத்தி எழுதியிருக்கிறேன்.

உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். டாம்சின் கேட்ட அன்றே உங்கள் பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் செய்தது தவறு. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட வாசலில் காத்துக்கொண்டிருந்தாள். கெட்டவள் இல்லை. எனக்கு ஆரஞ்சுச் சாறு வாங்கிக் கொடுத்தாள்.

"நாடா நம்பரைப் பார்த்தியா, மேவ்?"

"வேற யாராவது மாத்தியிருப்பாங்க."

"அந்த அறைக்கு ரெண்டே சாவி. ஒண்ணு உங்கப்பாகிட்ட. இன்னொண்ணு முதலாளி காஸ்வெல்கிட்ட. அந்த ஆளுக்கு நாடாவை எந்தப் பக்கம் செருகணும்னே தெரியாது. கேமரா முன்னாடியே கேட்டேன், தலைகீழா செருகுறார்."

நான் சாற்றுப் புட்டியை மூடினேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"உங்க அத்தை ஒருத்தங்க சொன்னா போதும், அந்தக் காட்சியையே எடுத்துடுவோம். டெனிஸ் ஊர்லயே இல்லை, வேற யாரோன்னு மாத்திடுவோம். இல்லைன்னா இப்ப இருக்கிறபடியேதான் போகும்."

நவம்பர் இருபத்தாறாம் தேதி கேமராவோடு உங்கள் கடைக்கு வருகிறார்கள். உங்களைத் தொலைபேசியில் கூப்பிடுவாள்.

நேற்று அப்பா என் அறைக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கடிதங்கள் மெத்தைக்கு அடியில் இருந்தன, அவர் சரியாக அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

"ஸ்கூல்ல உன்னை யாராவது ஏதாவது சொல்றாங்களாடா? அந்த டிவி விஷயமா?"

"இல்லப்பா."

"சொல்லுவாங்க. வந்தப்புறம் சொல்லுவாங்க."

"நீங்க பியூட்லதான் இருந்தீங்கன்னு சொல்லிடுவேன்."

அவர் என் போர்வையைச் சரிசெய்துவிட்டு எழுந்து போய்விட்டார். ஆமாம் என்று சொல்லவில்லை.

பயமாக இருக்கிறது, அத்தை.

மேவ்


பியூட்
நவம்பர் 11

அன்புள்ள மேவ்,

அந்தப் பெண் கூப்பிட்டாள். வரச் சொல்லிவிட்டேன். இனி சுற்றி வளைத்து எழுத முடியாது. இதைப் பகலில் படி, பக்கத்தில் ஆள் இருக்கும்போது படி.

உன் அப்பா வரவில்லை.

சவப்பெட்டிக்குப் பின்னால் நான் தனியாக நடந்தேன். வியாழக்கிழமை ராத்திரி கூப்பிட்டான். அவன் பேசியதை விட அவனுக்குப் பின்னால் இருந்த சத்தம்தான் அதிகம் கேட்டது. பெரிய மின்விசிறிகள், நூறு இருக்கும். "அக்கா, நான் இதை விட்டுட்டு வர முடியாது. நான் கிளம்பினா எண்ணிக்கை ஒரேயடியா விழுந்துடும்," என்றான். "அப்பா செத்துக் கிடக்கார்டா," என்றேன். "தெரியும்," என்றான். நான் வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை.

இது மட்டும் என்றால் பத்து வருடத்தில் ஆறியிருக்கும். அந்த நிறுவனம் பங்கு வெளியிடும்போது வேலை பார்த்தவர்கள் ஆளுக்குப் பத்துப் பெயர் கொடுக்கலாம், அந்தப் பத்துப் பேருக்கு முதல் விலையில் கிடைக்கும் என்று ஓர் ஏற்பாடு இருந்தது. மற்றவர்கள் பணக்கார நண்பர்களின் பெயரைக் கொடுத்தார்கள். உன் அப்பன் எங்கள் தெருக்காரர்களின் பெயர்களைக் கொடுத்தான். எங்கள் அப்பா சாகும்வரை அதைப் பற்றித்தான் பேசினார், பையன் ஊரை மறக்கவில்லை என்று. விலை ஏறினபோது ஒருவரும் விற்கவில்லை. டெனிஸின் கம்பெனியை விற்பது அவனையே விற்பது மாதிரி என்று நினைத்தார்கள். மறு வருடம் நிறுவனம் மூழ்கி எல்லாம் போனது. பாவ்லிச் போட்டது மொத்த ஓய்வுப் பணமும். அவர் மனைவி மில்கா, எண்பத்து நான்கு வயது, இன்னும் நாள்தோறும் என் கடைக்கு வருகிறாள். பதினெட்டு வருடமாக அவன் பெயரை அவள் என்னிடம் எடுத்ததில்லை.

நானும் சுத்தமில்லை. 2001இல் அந்த நிறுவனத்தின் மேல் வழக்கு வந்தபோது ஒரு வக்கீல் எனக்கு எழுதினார், உங்கள் தம்பி அந்த நாட்களில் பியூட்டில் இருந்ததாகச் சொல்கிறார், சரிதானா என்று. நான் பதில் போடவில்லை. அடுப்பில் போட்டேன். கோபமா, இரக்கமா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் பேசாமல் இருந்ததால் அவன் பொய் நின்றது.

இப்போது கேமரா முன்னால் "இருந்தான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. எனக்குச் சொல்ல முடியும் என்றே தோன்றுகிறது. ஆனால் அந்த வார்த்தைக்கு அப்புறம் மில்காவுக்கு நான் எப்படி பேஸ்டி கட்டிக் கொடுப்பேன்? இது சின்னப் பெண்ணிடம் கேட்கக்கூடிய விஷயமில்லை. ஆனால் பொய் வேண்டும் என்று என்னிடம் கேட்ட ஒரே ஆள் நீதான், அது பொய் என்று தெரியாமலே கேட்டாய். இப்போது தெரிந்துவிட்டது. இன்னும் வேண்டுமா என்று எழுது.

சாப்பிடு. தூங்கு.

அத்தை


சன்னிவேல்
நவம்பர் 18

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். இங்கே யாருக்கும் மூச்சு விடவே முடியவில்லை. வடக்கே காடு எரிகிறது, பத்து நாளாகப் புகை. சூரியன் ஆரஞ்சு நிறத்தில் வருகிறது. வெள்ளிக்கிழமை புகையால் எல்லாப் பள்ளிகளையும் மூடிவிட்டார்கள். அப்பாவின் அலுவலகமும் பள்ளிக்கூடங்களோடு சேர்ந்ததுதான் என்பது எனக்கு அன்று காலை வரை தோன்றவே இல்லை.

மூன்றேகாலுக்கு அவர் முகமூடி போட்டுக்கொண்டு, எனக்கு முன்னால் தபால் எடுக்கப் போனார்.

உங்கள் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறையில் நின்றார். பிரிக்கவில்லை. உறையில் உங்கள் கையெழுத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"உன் பேருக்கு வந்திருக்கு."

அவர் எதிரிலேயே படித்தேன். வேறு எங்கே போவது? அம்மா மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார்.

"என்ன எழுதியிருக்கா?"

தொப்பி அளவு கேட்டிருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். அது வாய் வரைக்கும் வந்தது. நான் கடிதத்தை மேஜைமேல் வைத்து அவர் பக்கம் தள்ளினேன்.

நின்றுகொண்டே படித்தார். படித்த பிறகு உட்கார்ந்தார்.

"மெஷின் ரூம் ஃபேன் சத்தம் கேட்டிருக்கு அவளுக்கு," என்றார். "வாயைக் கையால மூடிக்கிட்டுப் பேசினேன். அப்படியும் கேட்டிருக்கு."

"அப்பா, அது நீங்கதானா?"

"வேணும்னு ஓடவிடல மேவ். அதை மட்டும் நம்பு. ஆகஸ்ட்ல சோதனை முடிஞ்சது, நிறுத்த மறந்துட்டேன். மூணு மாசம் அது பாட்டுக்கு ஓடியிருக்கு. நவம்பர் ஒம்பதாந்தேதி ராத்திரிதான் கண்ணுல பட்டது. நாலு லட்சம் பேர் வர்றாங்கன்னு ஊருக்கே சொல்லியாச்சு. உண்மையா வந்தது அறுபதாயிரம்."

"அப்ப நிறுத்தியிருக்கலாமே."

"நிறுத்தினா ஒரே ராத்திரியில தெரிஞ்சிடும். பத்துப் பேர் கொடுத்த பணம். எங்கப்பா பேரும் அதுல இருந்தது. தினம் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சா யாருக்கும் தெரியாது, அதுக்குள்ள உண்மையான கூட்டம் வந்துடும்னு நினைச்சேன். அதுக்கு யாராவது பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருக்கணும்."

"முதலாளிக்குத் தெரியுமா?"

"நான் கேட்கல. கேட்டா அவனுக்குத் தெரிஞ்சிடும்."

நாடாவை ஏன் மாற்றினீர்கள், அதை விட்டிருந்தால் யாருக்குமே தெரிந்திருக்காதே என்று கேட்டேன். அவர் புரியாதவர் போல என்னைப் பார்த்தார். "நாடா மாத்தாம எப்படி இருக்கறது?" என்றார். "ஏதாவது ஆச்சுன்னா எல்லாம் போயிடுமே."

அப்புறம் கோபம் வந்தது. அவருக்கு இல்லை, எனக்கு. எத்தனையோ கேட்டேன். தாத்தாவைக் கூடப் பார்க்கவில்லையா, அம்மாவிடமும் பொய்யா, என்னிடமும் பொய்யா என்று. சத்தத்தில் அம்மா எழுந்து வந்துவிட்டார். அவருக்கும் இப்போது எல்லாம் தெரியும். மூன்று நாளாக வீட்டில் யாரும் யாரோடும் பேசுவதில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுத வேண்டும். காகிதத்தை எடுத்து வைத்து ஒரு மணி நேரம் ஆகிறது. நீங்கள் பொய் சொன்னால் அப்பா தப்பித்துவிடுவார். எனக்கு அது வேண்டும், அவ்வளவு வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் அவர் இன்னும் இருபது வருடம் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார்.

வேண்டாம் அத்தை. சொல்லாதீர்கள்.

மேவ்


சன்னிவேல்
நவம்பர் 24

அத்தை,

அப்பா இல்லை. காலை ஐந்து மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். தொலைபேசி சமையலறை மேஜையில் இருக்கிறது. அலமாரியில் இருந்த கருவியை அணைத்திருக்கிறார், என் நினைவு தெரிந்து அது அணைந்ததே இல்லை. அதன்மேல் ஒரு சீட்டு, "கொஞ்ச நாள் இது ஓட வேண்டாம்" என்று. வேறு ஒன்றும் எழுதவில்லை.

அம்மா ஒவ்வொரு மருத்துவமனையாகக் கூப்பிட்டு விசாரிக்கிறார். அவர் குரல் இப்படி இருந்து நான் கேட்டதில்லை.

நான் அந்தக் கடிதத்தை அவர் பக்கம் தள்ளியிருக்கக் கூடாது. புத்தகத்தைக் கொடுத்திருக்கக் கூடாது. உங்களுக்கு எழுதியே இருக்கக் கூடாது. இது உங்களுக்குக் கிடைக்கும்போது என்ன ஆகியிருக்குமோ தெரியாது.

மேவ்


பியூட்
நவம்பர் 28

அன்புள்ள மேவ்,

நீ 24ஆம் தேதி எழுதியது இன்று வந்தது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே உன் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன், நீயும் பின்னால் நின்று அழுதது கேட்டது. இருந்தாலும் நீ எனக்குக் காகிதத்தில் எழுதினவள். உனக்கு எழுத்தில்தான் முழுசாகச் சொல்ல வேண்டும். எழுதியே இருக்கக் கூடாது என்று இனி ஒருபோதும் சொல்லாதே.

ஞாயிறு மாலை ஆறு மணி இருக்கும். கதவைத் திறந்தால் நிற்கிறான். தலை நரைத்து, வழியில் ஐடஹோ மாநிலம் முழுக்கப் பனியில் ஓட்டி, மெலிசாக ஒரு சட்டையோடு.

"கோட்டு எடுத்துட்டு வரத் தெரியலையா உனக்கு?" என்றேன். பத்தொன்பது வருடத்துக்கு அப்புறம் நான் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"மறந்துட்டேன்க்கா."

"மறக்கறதுதான் உன் பொழப்பே."

உள்ளே வரச் சொல்லவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு, ஃபிராங்கின் பழைய கோட்டை அவனிடம் எறிந்து, நேரே கல்லறைக்கு அழைத்துப் போனேன். கல்லின்மேல் இருந்த பனியைக் கையால் தள்ளினான். நான் வண்டியில் இருந்தேன். என்ன பேசினானோ அது அவர்கள் இருவருக்கும்.

மறுநாள் அந்தப் பெண் கேமராக்களோடு கடைக்கு வந்தாள். என்னை நாற்காலியில் உட்கார வைத்து விளக்கெல்லாம் திருப்பினார்கள். அப்போது உள்ளேயிருந்து மாவுக் கையோடு அவன் வந்தான்.

"அவ எந்திரிக்கட்டும். கேள்வி எனக்குத்தானே," என்றான்.

டாம்சின் கேமராவை அவன் பக்கம் திருப்பச் சொன்னாள். "அந்த நாலு நாள் எங்கே இருந்தீங்க, மிஸ்டர் ஹாலரன்?" என்று கேட்டாள். இவன் தடுமாறவில்லை. மறந்தது, பார்த்தது, மறைத்தது, வக்கீலிடம் பொய் சொன்னது, எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னான், புத்தகத்தில் எழுதுவது போல. பத்துப் பெயர்களையும் சொன்னான். சட்டப்படி இனி என்ன வரும் என்று எனக்குத் தெரியாது, அவனுக்கும் தெரியாது. இவ்வளவு வருடம் கழித்து ஒன்றும் வராது என்கிறாள் டாம்சின், அவள் வக்கீல் இல்லை. பீட்சா தின்கிற காட்சியை எடுத்துவிடுகிறார்களாம். அதற்குப் பதில் வருவது இதைவிட நல்லதாக இருக்காது. உன் பள்ளிக்கூடத்தில் பேசுவார்கள். அதற்குத் தயாராக இரு. ஆனால் அவர்கள் பேசுவது நடந்ததாக இருக்கும்.

நேற்றே கிளம்புகிறேன் என்றான். முழங்கால் வலிக்கிறது, ஒரு நாள் மாவு பிசைந்துவிட்டுப் போ என்றேன். உண்மையில் எனக்கு வேறு எண்ணம்.

இன்று காலை வழக்கம்போல மில்கா பாவ்லிச் வந்தாள், இரண்டு பேஸ்டிக்கு. ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம், அவளுக்கா தெரியாது? நான் வேண்டுமென்றே பின்னால் அடுப்பிலேயே நின்றேன். இவன்தான் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தான். ஒன்றை உடைத்துவிட்டு வேறு எடுத்தான்.

அவள் பையை வாங்கிக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"நாளைக்கும் இங்கதான் இருப்பியா?"

"இருப்பேன், மிஸஸ் பாவ்லிச்."

"இன்னைக்கு எனக்குப் பல் டாக்டர்கிட்ட போகணும்," என்றாள். "நாளைக்கு வந்து திட்டறேன். நிறைய இருக்கு. நாற்காலி ஒண்ணு போட்டு வை."

அதனால் நாளை வரை அவனை அனுப்ப முடியாது. உன் அம்மாவிடம் சொல்லிவிடு. மில்கா ஒரு நாளில் முடிப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

அன்போடு,
உன் அத்தை கொலீன்